வடசென்னையில் ஒரு வீடும் ஏழாவது குடமும்

என் மனைவி ராஜலெட்சுமியின் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மலேசியாவில், கிள்ளானில் அவள் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளிக்கு எழுதிய விருப்ப ஓய்வுக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியரிடம் அதைக் கொடுத்தால் அவள் என்னோடு சென்னையில் இருப்பாள். கொடுக்காவிட்டால் இன்னும் மூன்று வருடம் அவள் அங்கே, நான் இங்கே. இரண்டில் எது என்பது நான் பார்க்கப்போகும் வாடகை வீட்டைப் பொறுத்தது என்று விமான நிலையத்திலேயே சொல்லி அனுப்பினாள்.

"நீங்க முடிவு பண்ண வேண்டாம். கைப்பேசியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். நான் பார்த்துக்கிறேன்."

இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. எங்கள் முப்பது வருட மணவாழ்க்கையில் நான் தேர்ந்தெடுத்த வீடுகள் மூன்று. ஜொகூர் வீட்டில் முதல் மழைக்கே வரவேற்பறையில் மீன் நீந்தியது. பினாங்கு வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். குருவிகளைக் கூப்பிட ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் குருவிச் சத்தம் ஓடும். நான் வீடு பார்க்கப் போன அன்று மின்சாரம் இல்லை. மூன்றாவது வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேசுவதில்லை. அன்றிலிருந்து நான் காட்டும் எதையும் ராஜி படம் பிடித்து வைத்துக்கொள்கிறாள். அவள் கைப்பேசியில் 'ஆதாரம்' என்ற பெயரில் தனிக் கோப்பே இருக்கிறது.

என் தொழில் அடுக்குவது. கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களை எதன் பக்கத்தில் எதை வைப்பது, எதன் தலைமேல் எதை ஏற்றுவது என்று திட்டம் போடுவேன். இருபத்தெட்டு வருடமாக ஜொகூர், பினாங்கு, கிள்ளான் துறைமுகங்களில் செய்ததை இனி எண்ணூரில் செய்ய வேண்டும். உலக வணிகம் என்னை நம்பி நடக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். வீட்டில் என் சட்டைகளை அடுக்க எனக்கு அனுமதி கிடையாது.

சென்னை அலுவலகத்தில் வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்த பெண் அன்பானவர். வெளிநாட்டு ஊழியர்கள் வசிக்க ஏற்ற பகுதிகள் என்று ஒரு பட்டியலை நீட்டினார். அடையாறு, பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை. எல்லாம் தெற்கே. வேலையோ வடக்குக் கோடியில். இடையில் ஒரு முழுச் சென்னை படுத்திருந்தது.

"ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் பார்க்கலாமே?" என்றேன்.

"சார், நார்த் மெட்ராஸா?" சிங்கக் கூண்டுக்குள் போகட்டுமா என்று நான் கேட்டிருந்தால் இதே குரலில்தான் கேட்டிருப்பார்.

"ஏன், அங்கே மனிதர்கள் இல்லையா?"

"இருக்காங்க சார். நிறையவே இருக்காங்க," என்றார், அதுதான் சிக்கல் என்பதுபோல.

ஆனாலும் மனமிரங்கி காதர் பாயின் எண்ணைக் கொடுத்தார். காதர் பாய் ராயபுரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைத் தொப்பி, காக்கிச் சட்டை. ஓட்டுவது ஆட்டோ, உபதொழில் வீட்டுத் தரகு. அந்த ஆட்டோவில் மீட்டரும் வேலை செய்யாது, மௌனமும் வேலை செய்யாது.

"மலேசியாவுலேர்ந்து வந்துகினு, அடையாறு வாணாம், ராயபுரம் காட்டுன்றீங்க. இன்னா சார், வூட்ல எதுனா சண்டையா?" என்று திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார். எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அதையும் எப்படியோ பார்த்தார்.

திங்கட்கிழமை ராயபுரத்தில் ஆரம்பித்தோம். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு தேவாலயம், அதன் பின்னால் ஒரு மசூதி, இரண்டுக்கும் நடுவே இடியாப்பமும் பாயாவும் விற்கும் தள்ளுவண்டி. எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறல் என்போம். இங்கே நாஷ்டா. பெயர் எதுவானாலும் ஆட்டுக்கால் ஆட்டுக்கால்தான். நான்காவது இடியாப்பத்தில் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. வீடு பார்க்க வேண்டும் என்பது ஆறாவது இடியாப்பத்தில்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரர் கண்ணாடி போட்ட பெரியவர். வெளிநாட்டு ஆள் வருகிறார் என்று காதர் பாய் சொல்லி வைத்திருந்ததால் சலவைச் சட்டையில் நின்றார். கதவைத் திறந்தவர் என்னைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஃபாரின் பார்ட்டி எங்கப்பா?"

"இவருதான் பெரியவரே."

"இவரா? இவரு வண்ணாரப்பேட்டை ஆளு மாதிரி கீறாரே!"

அலுவலகக் காகிதங்களில் என்னை எக்ஸ்பாட், அதாவது வெளிநாட்டு ஊழியர், என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கே ஒரு வெள்ளைக்காரரும் அவருடைய நாயும்தான் கண்முன் வருவார்கள். பெரியவரின் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. பரிகாரமாக இரண்டு மலாய்ச் சொற்கள் பேசிக் காட்டினேன். அவர் மசியவில்லை. நேரடியாகத் தேர்வுக்கு வந்தார்.

"மீன் சாப்புடுவீங்களா?"

தெற்குச் சென்னையில் வீடு தேடிய நண்பர்கள் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். "எப்போதாவது," என்றேன் அடக்கமாக.

பெரியவரின் முகம் சுருங்கியது. "எப்பவாச்சுமா? போன தபா ஒருத்தர் வந்தாரு, சுத்த சைவம். காசிமேட்டுக் காத்து அடிக்கச்சொல்ல எல்லாம் மூக்கைப் புடிச்சிகினு குந்தியிருந்தாரு. எங்களுக்கே அவமானமாப் போச்சு."

அவசரமாகத் திருத்திக்கொண்டேன். தினமும் சாப்பிடுவேன் என்றேன். தேவைப்பட்டால் காலையிலும். தேறிவிட்டேன். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மீன்பிடித் துறைமுகம் முழுசாகத் தெரிந்தது. விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இடையில் ஒரு காகிதம் நுழையாத நெருக்கத்தில் நின்றன. யாரோ ஒரு மேதை அடுக்கியிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ராஜியைக் கூப்பிட்டேன்.

"கடல் இருக்கட்டும். படியைக் காட்டுங்க," என்றாள்.

காட்டினேன். ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறும் படி.

"இதுல முதல்ல உங்க வயிறு போகும். அப்புறம் நீங்க போவீங்க. என் முழங்கால் கீழேயே இருந்துடும். அடுத்தது."

அடுத்தது செவ்வாய்க்கிழமை, சாத்தாங்காட்டில். அறைகள் பெரியவை, படிகள் அகலம். அழைப்பைப் போட்டு ராஜிக்குக் கூடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த இரும்புச் சந்தையில் யாரோ ஒரு லாரி நிறைய இரும்புத் தகட்டை இறக்கினார்கள்.

"அங்க இடி இடிக்குதா?"

"இரும்பு."

"எப்பப் பார்த்தாலும் இப்படியா?"

"ஞாயிறு விடுமுறையாம்."

"பினாங்குக் குருவியே தேவலை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என் முகத்தைப் பார்த்த காதர் பாய் வண்டியைத் தெற்கே திருப்பி, கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு அத்தோ கடையில் நிறுத்தினார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் மீ கோரெங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள்.

"கடைக்குப் புச்சா அண்ணாத்தே? வெக்கப்படாம கேட்டுக் குடி," என்றார் கடைக்காரர்.

மூன்று கிண்ணம் குடித்தேன். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்களுக்கும் சரி, போன இடத்திலேயே தங்கிவிட்ட எங்களுக்கும் சரி, வரலாறு கடைசியில் கொடுத்தது நூடுல்ஸ்தான். எனக்கு அந்தக் கடையில் நின்றபடியே வாடகைக்கு இருக்கலாம் போலிருந்தது.

புதன்கிழமை எண்ணூர். போகிற வழியில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரு பக்கமும் லாரி. நாங்கள் அடியில் சொருகிய அட்டைப் பெட்டிபோல நின்றோம். காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். நானோ திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தேன். ஒவ்வொரு பெட்டியாக எண் படித்தேன். ஒரு நீலப் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. கிள்ளானில் என் கண்முன்னே கிரேன் இடித்த பெட்டி அதுவாக இருக்குமோ என்று கழுத்தை நீட்டினேன்.

"இன்னா நைனா, மச்சான் வூட்டு ஆளுங்களைப் பார்த்தா மாதிரி சிரிக்கிற?" என்றார் காதர் பாய். அந்த நெரிசலில்தான் நான் சாரிலிருந்து நைனாவாகப் பதவி உயர்வு பெற்றேன்.

வீடு முகத்துவாரக்குப்பத்துக்குப் போகும் வழியில் இருந்தது. ஒரு ஜன்னலில் கடல், இன்னொரு ஜன்னலில் கழிமுகம். கீழே ஒரு பெண் கூடையில் உயிர் நண்டுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நண்டு கூடையை விட்டிறங்கித் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. 'இதுதான், இதேதான்' என்று மனது குதித்தது. ராஜிக்கு இரண்டு ஜன்னலையும் மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"அழகாத்தான் இருக்கு. ஜன்னல் கட்டையில விரலை வைங்க."

வைத்தேன்.

"இழுங்க. இப்பக் காட்டுங்க."

விரல் கறுப்பாக இருந்தது. தூரத்தில் புகைக்கூண்டுகள் எங்களைக் கவனிக்காதது மாதிரி நின்றன.

"நேத்துதாம்மா தொடச்சேன்," என்றார் வீட்டுக்காரம்மா உண்மையாகவே.

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ராஜி.

அன்று மாலை அவளே கூப்பிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு," என்றாள். திரையில், மேசைமேல் கடிதம் விரிந்திருந்தது. தேதி போட வேண்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் எனக்காக மூன்று பள்ளி மாறியிருக்கிறாள். மூன்று முறையும் பெட்டி கட்டியது அவள், வழி சொன்னது நான். நான்காவது முறை அவள் வர மாட்டேன் என்று சொன்னால் அதில் தப்பே இல்லை. ஆனால் அடுத்த மூன்று வருடம் தனியாக இடியாப்பம் சாப்பிடுவதை நினைத்தபோது, அந்த ராயபுரத்துப் பாயாகூட ருசிக்காது என்று தோன்றியது.

வியாழக்கிழமை திருவொற்றியூர். பெரிய மாளிகையையும் கப்பல் வணிகத்தையும் ஒரே நாளில் உதறிவிட்டு வந்த ஒரு துறவி கடைசியில் அடங்கிய ஊர் இது. வேலையை ராஜினாமா செய்பவர்களுக்கு நல்ல ராசி என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு கதையும் உண்டு. இங்கே கோயில் மகிழ மரத்தடியில், உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்த ஒரு அடியாருக்கு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போய்விட்டதாம். இவ்வளவு கடுமையான ஷரத்தை நான் எந்த வாடகை ஒப்பந்தத்திலும் பார்த்ததில்லை. காலையில் ராஜிக்கு இதை எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அந்த ஊரா? பாருங்க. உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்."

வீட்டுக்காரம்மா பெயர் தேசம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். கீழே அவர் குடியிருக்கிறார், மாடி காலி. கடலுக்குப் போகும் ஒரு குறுகிய தெரு. தெருமுனைக்கு வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. தெருவின் நடுவே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். ஓரமாக வலைகளும் சாக்கடையும் இருந்ததால் குடங்களுக்கு நடுத்தெருதான் கிடைத்திருந்தது.

"எட்டு மணிக்குத் தண்ணி லாரி வரும். போர் தண்ணி இங்க உப்பு," என்றார் காதர் பாய். கடலையே குடிதண்ணீராக்கும் ஆலை மீஞ்சூரில் இருக்கிறது, இவர்கள் கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லாரிக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவரே சிரித்தார். "சாவி தேசம்மாகிட்ட கீது. ஏலம் முடிஞ்சு மெயின் ரோட்டாண்ட வந்து எறங்கும். நான் போய் இட்டுகினு வர்றேன். நீ இங்கியே சொம்மா குந்திகினு இரு நைனா."

என்னிடம் யார் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்பேன், கடைசி வரியைத் தவிர.

ராஜியைக் கூப்பிட்டேன். மணி ஏழரை. கிள்ளானில் பத்து, பள்ளி இடைவேளை. "தெருவிலேர்ந்து காட்டுங்க. மெதுவா நடங்க," என்றாள். லாரி நிற்கும் இடத்திலிருந்து தேசம்மாவின் வீட்டுவரை குடங்களை ஒட்டி நடந்தேன். கடைசியில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு முழம் அகலத்தில், கடல் தெரிந்தது. அந்த ஒரு முழமும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. ராஜி "அடுத்தது" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே நல்ல அறிகுறி. "தேத்தண்ணி ஆறிடும். சாவி வரட்டும், கூப்பிடறேன்," என்று வைத்தாள்.

அப்போதுதான் ஒரு ஐஸ் வண்டி வந்தது. படகுகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டு போகும் சின்ன டெம்போ. ஓட்டியவர் ஹாரன் அடித்தார். தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாரும் உள்ளே சமையலில் இருந்தார்கள். மறுபடி அடித்தார்.

"யோவ், கொடத்தை நவுத்துறியா, இல்ல ஐஸை இங்கியே கரைச்சு ஊத்தட்டுமா?"

கேட்டது என்னை. தெருவில் என்னைத் தவிர யாருமில்லை. இருபத்தெட்டு வருட அனுபவம் கைகளுக்குள் விழித்துக்கொண்டது. குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோனேன். கொண்டுபோனதோடு விட்டிருக்கலாம். நீலம் நீலத்தோடு, பச்சை பச்சையோடு, பெரியது பின்னால், சிறியது முன்னால், வாய்கள் எல்லாம் ஒரே திசையில். சாக்கடையின் விளிம்பைக்கூட வீணாக்கவில்லை. தெருவில் முக்கால் அகலம் மிச்சம். டெம்போக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நான் இரண்டடி தள்ளி நின்று என் வேலையைப் பார்த்தேன். கிள்ளானில் இதற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

முதலில் வெளியே வந்தவள் மல்லிகா. பெயர் பிறகுதான் தெரியும். கையில் கரண்டி இருந்தது.

"யம்மா! எவன்டா கொடத்தையெல்லாம் கலைச்சது?"

கதவுகள் திறந்தன. பாராட்டை எதிர்பார்க்கும் புன்னகையோடு, "நான்தான்," என்றேன்.

"நீ யாரு?"

"வீடு பார்க்க வந்தேன்."

"வூடு பார்க்க வந்தா வூட்டைப் பாரு! கொடத்துல இன்னா வேலை உனுக்கு?"

"ஐஸ் வண்டி போகணும்னு... ஒழுங்காத்தான் அடுக்கியிருக்கேன்..."

"ஒயுங்கா? நான் மூணாவது. இப்ப என் கொடம் செவுத்தாண்ட கட்டக்கடைசியில கீது பாரு!"

"நீ எங்கடி மூணாவது? நான் மூணு, நீ நாலு," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மூன்றாவது வீட்டிலிருந்து வந்தவள் இருவருமே பொய் என்றாள். ஒரு நிமிடத்தில் தெருவே பேசியது. லாரி வர இன்னும் கால் மணி நேரம். மற்றத் தெருக்களில் ஊற்றிவிட்டு வருவதால், சில நாள் இருபது குடத்தோடு லாரி காலியாகிவிடுமாம். நின்றவை இருபத்து மூன்று. கடைசி மூன்று குடத்துக்காரிகள் யார் என்பதை, நிறப்பொருத்தம் பார்த்து, நான் முடிவு செய்திருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. தேசம்மா இறங்கினார். கனத்த உடம்பு, ஈரப் புடவை, கையில் காலிக் கூடை. ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. காதர் பாய்க்கும்.

"சொம்மா குந்துன்னு சொல்லிட்டுத்தானே போனேன் நைனா! கால் ஹவர்ல ஒரு தெருவையே பேஜார் பண்ணிட்டியே!"

தேசம்மா சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து நின்றார்.

"இங்க கொடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. நான் விடியக்காலைல காசிமேட்டுக்குப் போறேன். என் கொடம் இங்க நிக்குது. அது இங்க நிக்குதுன்னு நம்பித்தான் நான் அங்க நிக்கறேன். யாரும் அடுத்தவ கொடத்தை எடம் மாத்த மாட்டா. சண்டை போட்டுகினு பேசாம இருக்கறவகூட மாத்த மாட்டா. புரிதா?"

புரிந்தது. நான் குடங்களை அடுக்கவில்லை. இருபத்து மூன்று பெண்களைத் தூக்கி, நிறவாரியாகச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன்.

"காதரு, இவருக்கு வூடு வாணாம். இட்டுகினு போ."

அவ்வளவுதான். என் பையில் கைப்பேசி அடித்தது. ராஜி தேத்தண்ணி குடித்து முடித்திருந்தாள். திரையில் என் முகத்தைப் பார்த்தவள், என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். ராஜியின் பின்னால் ஆசிரியர் அறை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் தன் கைப்பேசியில் எதையோ தேடினாள். பிறகு, "மூணு படம் எடுத்திருக்கேன்," என்றாள்.

"எதை?"

"நீங்க நடந்து காட்டினீங்களே, தெருமுனையிலேர்ந்து வீடு வரைக்கும். எல்லாக் குடமும் அதுல இருக்கு. போனை அந்த அம்மாகிட்ட கொடுங்க. நீங்க ஓரமாப் போய் நில்லுங்க."

தேசம்மா கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதிலிருந்து, வகுப்பின் கடைசி வரிசைவரை கேட்டுப் பழகிய குரல் வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. முதல் குடம் பச்சை. கழுத்துல சிவப்புத் துணி கட்டியிருக்கு."

"நம்மளுது!"

"கொண்டாந்து வைங்க. ரெண்டாவது மஞ்சள். பக்கவாட்டுல ஒட்டுப் போட்டிருக்கு. மூணாவது நீலம். மேல நகப்பூச்சுல பூ வரைஞ்சிருக்கு."

"சொன்னேன்ல! நான்தான் மூணு!" மல்லிகா கரண்டியை உயர்த்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் தன் குடத்தைத் தேடப் போனாள்.

ஐந்தாவது குடத்துக்கு யாரோ, "உள்ளேன் டீச்சர்," என்று குரல் கொடுத்தாள். தெரு சிரித்தது. கிள்ளான் ஆசிரியர் அறையும் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் உள்ளேன் சொல்லித்தான் குடத்தை வைத்தாள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். என்ன ஒரு வேகம்! இவர்களில் நான்கு பேர் போதும், எங்கள் துறைமுகத்தை நடத்திவிடலாம்.

"ஏழாவது, ஊதா. வாய் ஓரம் சூடு பட்டு நெளிஞ்சிருக்கு."

யாரும் வரவில்லை.

"ஏழு? ஏழாவது யாரு? வரலையா?"

"அது மாடி வூட்டுக் கொடம்," என்றார் தேசம்மா. "குடி இருந்தவங்க போயி ரெண்டு மாசமாச்சு. கொடத்தை வுட்டுட்டுப் போய்ட்டாங்க. அதுக்காவ எடத்தை எடுக்க முடியுமா? லாரி வரச்சொல்ல எல்லாம் நிக்கும். அன்னிக்கு யாருக்குத் தேவையோ அவங்களுக்கு அந்தத் தண்ணி."

கைப்பேசியிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"மாடி வீடுன்னா, இவர் பார்க்க வந்த வீடா?"

"அதே வூடுதான்மா."

"ம். எட்டாவது, சிவப்பு."

இருபத்து மூன்றாவது குடம் இடத்தில் உட்காரவும் லாரி தெருமுனையில் திரும்பவும் சரியாக இருந்தது. அன்று தண்ணீர் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. என் அதிர்ஷ்டம் அப்படி எப்போதாவதுதான் வேலை செய்யும்.

வீட்டைப் பார்த்தது நான் அல்ல. தேசம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். காதர் பாயும் நானும் பின்னால் போனோம். படி அகலமாக இருந்தது. ஜன்னல் கட்டையில் விரலை இழுத்தது தேசம்மா. சாம்பல் நிறம்.

"தெனம் தொடைக்கணும். மேக்கால காத்து அடிச்சா லாரிப் பொகை வரும். மத்தபடி மீன் வாடைதான். போர் தண்ணில துணி தோய்க்கலாம், கொயம்பு வெக்க முடியாது. பொய் சொல்லி வூடு வுடற பயக்கம் நமக்கு இல்ல."

"இவர் சொல்லியிருந்தா எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பார்."

"அது மூஞ்சியைப் பார்த்தாலே தெர்து."

இருவரும் என்னைப் பற்றிப் பேசியதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று நாளாக ராஜி எந்த வீட்டுக்காரரிடமும் இவ்வளவு நேரம் பேசவில்லை. கடைசியில் தேசம்மா கேட்டார்:

"நீ வருவியாம்மா? நீ வர்றதுன்னா வூடு உனுக்கு. இவரு மட்டும்னா வாணாம். இந்தாளை நம்பிக் கொடத்தை வுட முடியாது."

பள்ளி மணி அடித்தது. "நாளைக்குச் சொல்றேங்க," என்று ராஜி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் வேறெங்கும் போகவில்லை. காதர் பாயை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர்க் கடற்கரையில் கற்களின்மேல் உட்கார்ந்தேன். நெய்தல் நிலத்துக்கு உரியது இரங்கல் என்று படித்திருக்கிறேன். பாட்டில் எப்போதும் தலைவிதான் கரையில் நின்று ஏங்குவாள். கைப்பேசியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, தொப்பையோடு ஒரு தலைவன் ஏங்குவதற்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

"வூட்டம்மா வரும் நைனா," என்றார் காதர் பாய். "கடைசிக் கொடம் வரைக்கும் படிச்சிச்சே. வராத ஆளு ஏழோட நிறுத்தியிருக்கும்."

பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. அந்தக் கடிதம். தேதி போட்டிருந்தது. மேலே பள்ளியின் முத்திரை, தலைமையாசிரியரின் கையெழுத்து. கீழே ஒரு வரி: "நான் வர்ற வரைக்கும் அந்தக் குடத்தைத் தொடாதீங்க."

நான் எழுந்து குதித்தேன் என்று காதர் பாய் பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல் வழுக்கியதால் எழுந்தேன். குதித்தது தனி.

திங்களன்று மாடிக்குக் குடிவந்தேன். ராஜி வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. லாரி வரும் நாட்களில் கீழே இறங்கிப் போய், சொன்னபடி சுவரோரம் நிற்கிறேன். வரிசை நகர்கிறது. ஆறாவது குடம் நிறைந்ததும் மல்லிகா குனிந்து அந்த ஊதாக் குடத்தைக் காதைப் பிடிக்கிற மாதிரி மெதுவாகப் பிடித்து முன்னால் நகர்த்துகிறாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் நவுந்து நில்லு."

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் என்னைக் காட்டி, யார் இது, எப்பவும் சுவரோரமே நிக்குது என்று கேட்டாள்.

"அதுவா?" என்றாள் மல்லிகா, குழாயை ஊதாக் குடத்துக்குள் திருப்பியபடி. "ஏழாவது கொடத்தோட வூட்டுக்காரரு."